றமீஸா உம்மாவின் கதிரை அளவு

மாத்தளை கொங்காவெலயில் றமீஸா உம்மாவின் வீட்டு முன்னறையில் 2024 ஜனவரி வரை பதினொரு கதிரைகளும் இரண்டு சோபாக்களும் பீங்கான் நிறைந்த கண்ணாடி அலுமாரி ஒன்றும் இருந்தன. நாற்பத்திரண்டு வருடக் குடித்தனத்தில் சேர்ந்தவை. பிள்ளைகள் மூவரும் வெவ்வேறு ஊர்களில் குடியேறிவிட்டார்கள். அறுபத்திரண்டு வயதில் அவருக்குத் துடைத்துத் துடைத்தே அலுத்துவிட்டது. எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு, கண்ணுக்கு ஓய்வான ஒரு வீட்டில் இருக்க வேண்டும் என்றார். புடவைக் கடையை விற்றுவிட்டு வீட்டோடு இருந்த கணவர் புஹாரியும் சம்மதித்தார்.

வீட்டு உள்ளக அலங்காரம் படித்த மகள் பஸ்லா இரண்டு படங்கள் வரைந்து வந்தாள். இரண்டிலும் சாமான் கொஞ்சம்தான். ஒன்று ஜப்பான் பாணி: கறுத்த மரம், முழங்கால் உயரம்கூட இல்லாத மேசை, தரையில் பாயும் மெத்தையும். மற்றது நோர்வே, சுவீடன் பக்கத்துப் பாணி: வெள்ளைச் சுவர், வெளிர்நிற மரம், ஜன்னலோரம் இரண்டு கதிரைகள். றமீஸாவின் மனம் முதலாவதில் ஒட்டிக்கொண்டது. புஹாரி இரண்டாவதைக் கேட்டார்.

"கீழ இருந்தா என்னயத் தூக்கிவிட ஆள் வேணும் புள்ள. முழங்கால் விடுதில்ல."

"டவுனுக்குப் பேச்சடிக்கப் போகக்கொள்ள நோவாத காலு, ஊட்டுக்கு வந்தாத்தான் நோவுமோ? நோவில்ல, சோம்பல்!" என்றார் றமீஸா.

புஹாரி சிரித்ததோடு சரி. பழைய சாமான்கள் போயின. எந்தப் படம் என்பது முடிவாகவில்லை. பெப்ரவரி 6, செவ்வாய்க்கிழமை, அதிகாலைச் சுபஹுத் தொழுகை முடிந்த சற்று நேரத்தில் அவர் மாரடைப்பால் மௌத்தானார்.

றமீஸா இத்தா இருக்கத் தொடங்கினார்: நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டைவிட்டு வெளியேறாமல், அந்நிய ஆண்களின் முன் வராமல். உள்ளறையில் ஒரு கட்டில், ஒரு தொழுகைப் பாய், குர்ஆன் வைக்கும் பலகை. றமழானின் ஒன்பதாம் நோன்பன்று மதியம் ளுஹர் தொழும்போது, நெற்றியைத் தரையில் வைத்த சுஜூதிலிருந்து எழும்பப் பார்த்தார். வலது முழங்கால் மறுத்தது. கட்டிலைப் பிடித்து, பிறகு சுவரைப் பிடித்து எழுந்தார். மறுநாளும் அப்படித்தான். ஒருவரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருந்த ஒருவர் மையவாடி மண்ணுக்குள் இருந்தார்.

மே 12, ஞாயிற்றுக்கிழமை, எல்கடுவையிலிருந்து தச்சுவேலைக்காரர் விஜேந்திரன் வந்தார். உள்ளறை வாசலில் திரை தொங்கியது. அவர் அதற்கு வெளியே நின்றார். பஸ்லா திரையருகே நின்றாள்.

"உம்மா, வேலை அரைகொறையா கெடக்குங்க. எந்தப் படம்னு ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா நாளைக்கே அறுத்துருவேன்."

"ஒங்கட விருப்பப்படி கீழ இருக்கிறதயே செய்யட்டும் உம்மா," என்றாள் பஸ்லா.

"இல்ல. கதிர ஈக்கிற படம்."

பஸ்லாவின் கண் கலங்கியது. "வாப்பாட ஆசைக்கா?"

ஆம் என்று சொல்லியிருக்கலாம். கணவரின் விருப்பத்தைக் காத்தவள் என்று குடும்பமே பேசியிருக்கும்.

"இல்ல மகள். எனக்கே ஏலாது. நோன்புல இருந்து சுவரப் புடிச்சித்தான் எழும்புறன். அவரச் சோம்பல்னு சென்ன வாய் இது."

திரைக்கு வெளியே விஜேந்திரன் தொண்டையைச் செருமினார். "முதலாளி இருக்கப்பவே அவரு கால அளந்து வச்சிருக்கேங்க. பதினெட்டு அங்குலம். உங்க அளவு இல்லியே."

டேப்புடன் உள்ளே போக முடியாது. அவர் ஒரு நூலை வெட்டிக் கொடுத்தார். பஸ்லா அதை உம்மாவின் குதிகாலிலிருந்து முழங்கால் மடிப்பு வரை பிடித்து, முடிச்சுப் போட்டு வெளியே நீட்டினாள். விஜேந்திரன் அதை டேப்பில் வைத்துப் பார்த்தார். பதினைந்தரை.

"அப்ப ஒன்னு பதினெட்டு, ஒன்னு பதினஞ்சர. அப்படிப் போட்டுறவா உம்மா?"

"ரெண்டும் பதினஞ்சர," என்றார் றமீஸா. "ஜன்னலுக்கிட்ட ஒண்டு. தொழுறத்துக்கு ஒண்டு."

விஜேந்திரன் பலகையொன்றைத் திருப்பி, பென்சிலால் அளவை எழுதிக்கொண்டார்.