அப்பாவின் போனில் அடித்த மணி

கூட்டங்களில் மேடையேற்றி, "மொபைல் மென்பொருள் செய்வதில் உங்கள் கொள்கை என்ன? குழுவை எப்படி நடத்துகிறீர்கள்?" என்று கேட்பார்கள். பயந்துகொண்டே செய்கிறேன், பயந்துகொண்டே நடத்துகிறேன் என்றால் சிரிக்கிறார்கள். தன்னடக்கம் என்று நினைத்துக் கைதட்டுகிறவர்களும் உண்டு. தன்னடக்கமாவது மண்ணாங்கட்டியாவது. மெய்யாகவே பயம். செய்த பொருள் கெட்டுப்போய்விடுமோ என்ற பயம் இந்தத் தொழிலில் எல்லோருக்கும் உண்டு. என் பயம் வேறு. நான் சொல்வதை ஜனங்கள் நம்பிவிடுகிறார்களே என்ற பயம்.

அந்தப் பயம் என்னை மட்டாஞ்சேரியில், எங்கள் வீட்டு அடுக்களையில் பிடித்துக்கொண்டது. இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. தொடுதிரை வரவில்லை, எல்லோர் கையிலும் பொத்தான் போன்தான். கலூரில் ஒரு சின்ன கம்பெனியில் நான்கு பேர் கொண்ட குழுவுக்கு நான் தலைவி. சர்க்கரை நோயாளிகளுக்கு ஊசி நேரத்தை ஞாபகப்படுத்தும் மென்பொருள் ஒன்றைச் செய்துகொண்டிருந்தோம். குறித்த நேரத்துக்குப் போன் மணியடிக்கும். திரையில் 'இன்சுலின் போடவும்' என்று ஆங்கிலத்தில் வரும். ஒரு ஆஸ்பத்திரி அதைத் தன் நோயாளிகளுக்குக் கொடுப்பதாக இருந்தது. திங்கட்கிழமை ஒப்படைக்க வேண்டும். மேசைமேல் வரிசையாக வைத்த போன்கள் எல்லாம் ஒரே சமயத்தில் மணியடித்தபோது எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

அப்பா முனிசிபாலிட்டியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தினமும் காலையில் ஒரு ஊசி. அதை ஞாபகப்படுத்துவது அம்மாவின் வேலை. அந்த மாதம் அம்மா அக்காவின் பிரசவத்துக்காகத் தென்காசிக்குப் போயிருந்தாள். கேட்பானேன், மென்பொருளை அப்பாவின் போனில் ஏற்றிவிட்டேன். "இனி அம்மா வேண்டாம், இது சொல்லும். சொன்னா போட்டுக்கோங்க" என்றேன். அவருக்கு அத்தனை பெருமை. சாயாக்கடையில் தெரிந்தவர் தெரியாதவர் எல்லோருக்கும் போனைக் காட்டியிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை பொழுது சாயும் நேரம், மீன் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அப்பா அடுக்களைத் தரையில் உட்கார்ந்திருந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. என்னைப் பார்த்து, தேவரா பஸ் போய்விட்டதா என்று கேட்டார். தேவராவில் எங்களுக்கு யாரும் இல்லை. அவர் கண் எங்கேயோ பார்த்தது. பக்கத்தில் ஊசி கிடந்தது. ரத்தத்தில் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிட்டது என்று புரிந்தது. மீன் பையைப் போட்டுவிட்டு, சர்க்கரை டப்பாவை அப்படியே கவிழ்த்து அள்ளி அவர் வாயில் அடைத்தேன். முழுங்குங்க, முழுங்குங்க என்று கத்தினேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. பக்கத்து வீட்டுச் சேட்டன் ஆட்டோ பிடித்தார். ஆட்டோவில் அப்பாவின் தலை என் தோளில் கனத்தது. இஞ்சி மூட்டை ஏற்றிய லாரி ஒன்று வழியை அடைத்துக்கொண்டு நகரவே மாட்டேன் என்றது. அந்த லாரிக்காரனை நான் வைத வசவு எங்கே கற்றேனோ தெரியாது. அப்பா செத்துப்போவார், அவரைக் கொன்றது நானாக இருக்கும். வேறு ஒன்றும் மனதில் ஓடவில்லை.

ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏறியதும் அப்பாவுக்குப் பேச்சு திரும்பியது. "காலையில ஊசி போடலையா?" என்று கேட்டேன்.

"போட்டேன் மோளே. நல்ல ஓர்ம்ம உண்டு. போட்டுட்டுத்தான் இட்டலி தின்னேன்."

"அப்புறம் எதுக்கு சாயங்காலமும் போட்டீங்க?"

"போன் அடிச்சதே. வயசாச்சல்லோ, எனக்குத்தான் தெத்திப்போச்சு, வேற என்னைக்கோ போட்டதை இன்னைக்குன்னு நினைச்சுட்டேன்னு தோணிச்சு. நீ செஞ்ச சாதனம். அது தெத்துமா?"

அவருக்கு நினைவு இருந்தது. நான் ஏற்றிக் கொடுத்த மணியை நம்பித் தன் நினைவைத் தள்ளிவிட்டார். ஆட்டோவில் பட்ட பயம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நடந்தது இதுதான். அம்மாவின் போனில் இருந்த அதே கம்பெனி சிம்மிலிருந்து பேசினால் தென்காசிக்குக் காசு குறைவு. அதற்காக அப்பா இரண்டாவது சிம் ஒன்று வாங்கி வைத்திருந்தார். காலை ஊசி முடிந்து, இட்டலி முடிந்து, அம்மாவோடு பேசச் சிம்மை மாற்றினார். சிம் இருப்பது பேட்டரிக்கு அடியில். பேட்டரியைக் கழற்றினால் அந்தப் போனுக்கு நேரம் மறந்துவிடும். திரும்பப் போட்டதும் நேரம் கேட்கும். கையில் வாட்ச் கட்டியவர் அதைச் சட்டை செய்வாரா? ஓகே அழுத்திவிட்டார். போன் நடுராத்திரியிலிருந்து எண்ணத் தொடங்கி, சாயங்காலத்தைக் காலை என்று நினைத்து மணியடித்தது. எங்கள் மேசைமேல் இருந்த போன்கள் சார்ஜரை விட்டு அசைந்ததே இல்லை.

திங்கட்கிழமை அலுவலகத்தில் சொன்னேன். சோதனை பார்க்கும் பையன் முகம் வெளுத்துவிட்டது. மதுரைப் பக்கத்துக்காரன், கலூரில் லாட்ஜில் தங்கியிருந்தவன், ஊருக்குப் பேச அவனும் சிம் மாற்றுகிறவன்தான்.

"எனக்கும் அப்படி ஒரு தடவை தப்பா அடிச்சுது சேச்சி."

"ஏன்டா சொல்லலை?"

"நீங்க எல்லாம் சரியா இருக்குன்னு அவ்வளவு உறுதியா சொன்னீங்க. என் போன்தான் பழசு, அதான் கெட்டுப்போச்சுன்னு நினைச்சேன்."

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அப்பா பேசிய அதே பேச்சு. அவனைத் திட்ட வாயெடுத்தவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். முதலாளி குதித்தார், ஆஸ்பத்திரிக்காரர்கள் போன்மேல் போன் போட்டார்கள். வேலை போனாலும் போகட்டும், கொடுக்க முடியாது என்றேன். வீட்டுக் கடன் வேறு இருந்தது. ஆனால் பேட்டரி கழற்றுகிற எத்தனையோ அப்பாக்கள் கண்முன்னே வந்து நின்றார்கள்.

மணியை மாற்றினோம். நேரம் பின்னால் போயிருந்தால் போன் வாயை மூடிக்கொள்ளும். 'போடவும்' என்ற கட்டளையை எடுத்துவிட்டு, 'இன்று போட்டாச்சா?' என்று கேட்க வைத்தோம். அன்றிலிருந்து நான் செய்த எந்தப் பொருளும் யாருக்கும் உத்தரவு போட்டதில்லை. குழுவிலும் ஒரு வழக்கம் வந்தது. எதையும் வெளியிடுவதற்கு முன்னால் சாயா குடித்துக்கொண்டே ஒவ்வொருவரும் தன் பயத்தைச் சொல்ல வேண்டும். எனக்கு ஒன்றுமில்லை என்று யாராவது சொன்னால் அவரிடம் இரண்டாவது சுற்று. கடைசியில்தான் நான் வாயைத் திறப்பேன். நான் முதலில் பேசினால் அவர்கள் தங்கள் கண்ணால் பார்த்ததையே சந்தேகப்பட ஆரம்பித்துவிடுவார்கள்.

அந்தப் புது மணியை முதலில் அப்பாவின் போனில்தான் ஏற்றினேன். மறுநாள் காலை அது அடித்தபோது நான் அடுப்பருகில் நின்றிருந்தேன். அப்பா போனைத் தள்ளிப் பிடித்துத் திரையைப் படித்தார். பிறகு போனை விட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"போட்டாச்சா மோளே?"

"எனக்கு எப்படிப்பா தெரியும்? நீங்கதான் சொல்லணும்."

அவர் பனியனைத் தூக்கி வயிற்றைத் தடவிப் பார்த்தார். மருந்து வைத்திருந்த குளிர்பெட்டியைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். பரீட்சைக்கு வந்த பிள்ளையின் முகம். கடைசியில் மெதுவாக, "போட்டாச்சு" என்றார்.

நிச்சயமாகவா என்று கேட்க நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவார். எழுந்து போய் இன்னொரு தடவை போட்டுக்கொள்வார். கேட்கவில்லை. தட்டில் இட்டலியை வைத்துவிட்டு, அன்று மத்தியானம்வரை அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.