ஒரே உயரத்தில் இரண்டு புள்ளிகள்

என் வீட்டுக்காரர் ஆறு மாதமாகப் பங்குச் சந்தைப் படம் படிக்கிறார். அத்தை மகன் என்பதால் எனக்கு அவர் பாவா. விசைத்தறி ஓடும் சத்தத்திலும் போனில் வகுப்பு கேட்பார். விலை ஏறி இறங்கிய கோட்டைப் பார்த்தே அடுத்து என்ன நடக்கும் என்று சொல்லும் வித்தையாம். எக்கேடோ கெட்டுப் போகட்டும் என்று இருந்தேன்.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஆர்.கே.பேட்டையிலிருந்து பஸ் பிடித்துத் திருத்தணி லேபில் சர்க்கரை பார்த்துவிட்டு வருவேன். வந்த எண்ணைக் காலண்டரில் குறித்து வைப்பேன். மனிதர் அதையும் விடவில்லை. ஒருநாள் அந்த எண்களுக்குப் புள்ளி வைத்து, உயரத்தில் இருந்த இரண்டு புள்ளிகளையும் தொட்டுக் கோடு இழுத்துவிட்டார்.

"இத பாரு. ஒரே உசரத்துக்கு ரெண்டு வாட்டி ஏறிட்டு திரும்பிகீது. டபுள் டாப். இனிமே கீழதான் போவும்."

"கால்ல புண்ணு ஆறலியே பாவா. டாக்டராண்ட போயிட்டு வந்துடலாம்."

"ஆங், போனா ஊசி போட்டுக்கோன்னுவாரு. ஒரு மாசம் பொறு, தானா எறங்கும்."

பொறுத்தேன். இன்னும் வயிறு எரிவது அதற்குத்தான். ஊசிக்குப் பயந்துகொண்டிருந்த எனக்கு அவர் பேச்சு இனித்தது. பங்கு விலைக்கும் என் ரத்தத்துக்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு வார்த்தை கேட்டேனா? மஞ்சளை அரைத்துப் புண்ணில் அப்பிக்கொண்டு நாளைக் கடத்தினேன்.

மூன்றாவது முறை எண் அவர் போட்ட கோட்டைத் தாண்டி எங்கோ போனது. அதற்குள் இடது கால் சுண்டுவிரல் கறுத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் அதை எடுத்துவிட்டார்கள்.

கட்டுப்போட்ட காலோடு நான் வீட்டுக்கு வந்த அன்று பாவா காலண்டர் முன்னால் குனிந்து நின்றார். அழுகிறார் என்று நினைத்தேன். கிட்டே போய்ப் பார்த்தால் கையில் பேனா.

"இது டபுள் டாப்பே இல்ல. மூணாவது வாட்டி கோட்டத் தாண்டிட்ச்சி பாரு, இது பிரேக் அவுட். இங்கியே தெரிஞ்சிகினு இருந்திச்சி. நான்தான் கவனிக்கல."

விரல் இருந்தபோது ஒரு பெயர் வைத்தார், போன பிறகு இன்னொரு பெயர். நடந்து முடிந்த எதற்கும் அவரிடம் பெயருக்குப் பஞ்சமில்லை. காலண்டரைப் பிடுங்கிக் கிழித்துப் போட்டேன்.

இப்போது ஊசியை நானே போட்டுக்கொள்கிறேன். லேப் சீட்டு நேரே டாக்டரிடம் போகிறது, வீட்டில் யார் கண்ணிலும் படுவதில்லை. நேற்று மெல்ல வந்து கேட்டார்.

"சுகர் எவ்ளோ இருக்குது?"

செருப்பைக் கழற்றி இடது காலை அவர் முன்னால் நீட்டினேன்.

"மொதல்ல இத எண்ணிச் சொல்லுங்க பாவா."