பையில் இருந்த இரும்பு

இந்த மலைக்கு ஜீப் ஏறுகிற பாதைக்கு முதல் கடப்பாறை போட்டவன் நான். புளி மண்டி நான் வைத்தது. ஊருக்குத் தண்ணீர்க் குழாய் வராது என்றார்கள், வர வைத்தேன். எட்டாவதோடு நின்றிருந்த பள்ளிக்கூடத்தைப் பத்தாவது வரை உயர்த்த, படவேட்டுக்கு இறங்கி பஸ் பிடித்து, ஆபீஸ் ஆபீஸாக ஏறியவனும் நானே. மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். எவன் தடுத்தும் நான் நின்றதில்லை.

அந்தப் பள்ளிக்கூட வாசலில் பையைச் சோதிக்கிற விதியும் என்னுடையதுதான். அது என்னுடையது என்று யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை. நானே எழுதுகிறேன்.

பத்தாவது பையன் ஒருவன் இன்னொருவனின் கையை பிளேடால் கிழித்துவிட்டான். என் ஜீப்பில்தான் சந்தவாசல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்த் தையல் போட்டோம். அந்த வாரமே பள்ளி மேலாண்மைக் குழு கூடியது. நான் மேசையைத் தட்டினேன்.

"வாசல்லயே பையத் தொறந்து பாருங்க சார். கத்தி, பிளேடு, புகையில, எது இருந்தாலும் அன்னிக்கே டிசி. எம் பேரனா இருந்தாலும் சரி."

எல்லாரும் கை தட்டினார்கள். மலைக்குக் கீழே, கீழ்நாட்டிலிருந்து வந்த தலைமை ஆசிரியர், எவ்வளவோ படித்தவர், நான் சொன்னதைச் சொன்னபடி எழுதிக்கொண்டார். அன்று எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

அதற்குப் பிறகு திங்கட்கிழமை தோறும் வாசலில் போய் நிற்பேன். அப்படி நின்ற ஒரு திங்கட்கிழமை அந்தப் பெண் வந்தாள். ஒன்பதாவது. ஓடைக்கு அந்தப் பக்கத்து ஊர். காட்டுக்குள் ஒரு மணி நேரம் நடந்து வர வேண்டும். பதினைந்து நாள் லீவுக்குப் பிறகு அன்றுதான் வந்திருந்தாள். விளையாட்டு வாத்தியார் அவள் பையை மேசைமேல் கவிழ்த்தார். புத்தகம், சோற்று டப்பா, அப்புறம் புளியங்கொட்டை எடுக்கிற சின்னக் கத்தி. பிடியில் மஞ்சள் துணி சுற்றியிருந்தது.

"இன்னாம்மா இது? யாரக் குத்த எடுத்தாந்த?"

அவள் மேசையில் சிதறிய புத்தகங்களை அடுக்கினாள்.

"பலாப்பழம் வெட்றதுக்கு சார்!" என்றான் வரிசையில் ஒருவன். பையன்கள் சிரித்தார்கள்.

"வாயத் தொறந்து சொல்லு. வூட்ல குடுத்தாங்களா?"

தலையைக் குனிந்து பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "பாருங்க, எவ்ளோ திமிரு" என்றார் வாத்தியார் என்னிடம்.

எனக்குத் தெரியும். மஞ்சள் துணியையும் அந்தப் பதினைந்து நாள் லீவையும் சேர்த்துப் பார்த்த உடனே தெரியும். எங்கள் பக்கத்தில் வயதுக்கு வந்த பெண் தனியாகக் காட்டைத் தாண்டினால், காத்துக் கருப்பு அண்டாமல் இருக்க ஓர் இரும்பைக் கையில் கொடுத்துத்தான் அனுப்புவார்கள். என் மகள்களுக்கும் கொடுத்தோம். அத்தனை ஆம்பளைகள் நடுவில் அதை அவள் எந்த வாயால் சொல்வாள்? நான் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால், என் விதியை நானே முதல் மாதத்தில் உடைத்தவனாவேன். படித்தவர்கள் முன்னால் காத்துக் கருப்பு என்று பேச வெட்கமாகவும் இருந்தது. மீசையைத் தடவிக்கொண்டு நின்றேன்.

மத்தியானத்துக்குள் டிசி எழுதிவிட்டார்கள்.

அவள் அம்மா நேரே மண்டிக்கு வந்தாள். அழவில்லை.

"வாத்தியாருங்க கீழ்நாட்டுக்காரங்க, அவங்களுக்குத் தெரியாது. நீங்க அங்கதான் நின்னீங்களாமே மாமா? உங்க வூட்ல பொண்ணுங்க இல்லியா?"

மறுநாள் தலைமை ஆசிரியரிடம் போனேன். கத்தியின் விஷயத்தை அப்போதுதான் சொன்னேன். அவர் நெற்றியில் கை வைத்தார்.

"நேத்தே சொல்லிருக்கலாமேங்க. நீங்க போட்ட விதின்னுதான நான் கையெழுத்துப் போட்டேன்."

சேர்த்துக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்தார். காகிதத்தோடு ஓடைக்கு அந்தப் பக்கம் நானே நடந்தேன். வீடு பூட்டியிருந்தது. காப்பிக்கொட்டை பறிக்க விடியற்காலையிலேயே குடும்பத்தோடு குடகுக்கு வண்டி ஏறிவிட்டார்கள். பள்ளிக்கூடம் இல்லாத பிள்ளையை யாரிடம் விட்டுப் போவது?

நான் சும்மா இருக்கவில்லை. குழுவைத் திரும்பக் கூட்டினேன். ஒரு தடவை அல்ல, நான்கு தடவை. பெண் பிள்ளைகளின் பையை டீச்சரம்மாதான் பார்க்க வேண்டும், அதுவும் தனி அறையில். என்ன ஏது என்று கேட்க வேண்டும். அப்பா அம்மாவைக் கூப்பிடாமல் யாரையும் வெளியே அனுப்பக் கூடாது. காட்டு வழியாக வருகிற பிள்ளைகளின் இரும்பை வாசலில் வாங்கி வைத்து, சாயங்காலம் திருப்பிக் கொடுக்க வேண்டும். எல்லாம் நான் சண்டை போட்டு வாங்கியவை. இப்போது அலுவலக அறையில் ஆணி அடித்து வைத்திருக்கிறார்கள்; காலையில் கத்திகள் வரிசையாகத் தொங்கும்.

அவள் இரண்டு வருடம் கழித்துத் திரும்பினாள். கழுத்தில் தாலி, இடுப்பில் குழந்தை. என் மண்டியில்தான் புளியங்கொட்டை எடுக்கிறாள். "பள்ளிக்கூடத்துல பேசட்டாம்மா?" என்று கேட்டேன்.

"இத எங்க வுட்டுட்டுப் போறது?" என்று குழந்தையைக் காட்டிவிட்டு அடுத்த புளியை எடுத்தாள். அதே கத்தியா என்று நான் கேட்கவில்லை.

பள்ளியில் புது விதிகளைப் பலகையில் எழுதி மாட்டியிருக்கிறார்கள். கீழே, 'தலைமை ஆசிரியர் மற்றும் குழுவினர் முயற்சி' என்று இருக்கிறது. குழுவினராம்! நான்கு கூட்டத்திலும் அவர்கள் டீ குடித்தார்கள், பேசியவன் நான். என் பெயரைப் போடுங்கள். பழைய விதியையும் மேலே ஒரு வரி எழுதி, அதற்கும் என் பெயரையே போடுங்கள். இரண்டும் நான் செய்தது. வேறு எவனுக்கும் அதில் பங்கு இல்லை.