நகத்தால் போட்ட மடிப்பு

"இது செல்லாதும்மா. வேற குடு."

"ஏன் செல்லாது? கிழிஞ்சிருக்கா, நனைஞ்சிருக்கா?"

"படமே வேற மாதிரி இருக்கு. எந்தக் காலத்து நோட்டு இது?"

"பெட்டிக்கு அடியில கிடந்துச்சு. குடுக்கறேன். வாங்கினா வாங்கு, இல்லாட்டி ஓசியிலயே வர்றேன்."

பஸ் சிரித்தது. "வாங்கித் தொலைய்யா, சில்லறை!" என்று பின் இருக்கையிலிருந்து ஒரு குரல். அந்தத் தடத்தில் கண்டக்டருக்குச் 'சில்லறை' என்றுதான் பெயர். மீதிச் சில்லறையை அவனிடமிருந்து சண்டை போடாமல் வாங்கியவர்கள் யாரும் இல்லை.

அவன் அந்த அம்மாவிடமிருந்து நோட்டைப் பிடுங்கினான். நீளவாக்கில் மடித்து விரலிடுக்கில் செருகுவது அவன் கைக்குப் பழகிய வேலை, கண் பார்க்க வேண்டியதில்லை. அன்று கோபத்தில் கட்டைவிரல் நகத்தையும் வைத்து மடிப்பின் மேல் ஓர் இழுப்பு இழுத்தான்.

கடைசி நிறுத்தத்தில் பணத்தை அடுக்கும்போது டிரைவர் எட்டிப் பார்த்தான். இருவரும் ஒரு வருஷமாக விசிலில்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"இந்த நோட்டு நான் பள்ளிக்கூடம் போனப்ப ஓடினது. பழைய நோட்டு வாங்கற கடையில நல்ல விலைக்குப் போகும்."

"உன்னைக் கேட்டனா?"

சொல்லிவிட்டுத் தன் பையிலிருந்து அதே மதிப்புக்கு வேறொரு நோட்டை எடுத்து வசூலில் வைத்தான். பழையதைச் சட்டைப்பைக்குள் விட்டான். டிரைவர் அதற்காகவே காத்திருந்தான்.

"டூட்டியில சொந்தப் பணத்தை வசூல்ல மாத்தினா டிப்போவுல என்ன செய்வாங்க தெரியுமில்ல? பாதி எனக்கு. நானும் கடைக்கு வருவேன்."

பாதி போனால் கண்டக்டருக்குக் கட்டாது. மாடியறை ஒன்றைப் பேசி வைத்திருந்தான். முன்பணம் நாளை மாலைக்குள் தர வேண்டும். இப்போதிருப்பது அண்ணன் வீட்டின் பின்கட்டு. இவன் மனைவி குளிக்கப் போனால் அண்ணி தண்ணீர் மோட்டாரை நிறுத்துவாள். "ஓசிக் குடித்தனத்துக்குச் குளியல் ஒண்ணுதான் குறைச்சல்" என்பது சுவர் தாண்டிக் கேட்கும்.

அன்றிரவு நோட்டை விரித்து வைத்தான். நடுவில் மடிப்பு, வெட்டுக்காயம் போல.

"இதைப் பார்த்தா கடைக்காரன் விலையைக் குறைப்பான். தேய்ச்சுக் குடு."

மனைவி அவன் சீருடையைத் தேய்க்கிற அதே பெட்டியைச் சூடாக்கினாள். ஈரத்துணியை மேலே போட்டாள்.

"இன்னும் அழுத்து. சட்டைக் காலருக்கு மட்டும் அழுத்தத் தெரியுதில்ல?"

அழுத்தினாள். மடிப்பு போய்விட்டது. அவள் பாத்திரங்களைச் சாக்கில் போட ஆரம்பித்தாள்.

மறுநாள் மதியம் கடைக்காரர் நோட்டை இடுக்கியால் எடுத்தார். விளக்கடியில் சாய்த்துப் பார்த்தார். விரல் நுனியால் எழுத்தைத் தடவினார். நிமிரவில்லை.

"யார் தேய்ச்சது?"

டிரைவர் திரும்பிக் கண்டக்டரைப் பார்த்தான்.

"தேய்க்கல. அப்படியேதான் கிடைச்சது" என்றான் கண்டக்டர்.

"என்கிட்ட அளக்காதீங்க." உறையிலிருந்து வேறொரு பழைய நோட்டை எடுத்து வைத்தார். "இதுல எழுத்தத் தடவுங்க. சொரசொரன்னு நிக்குதா? இப்ப உங்க நோட்டத் தடவுங்க. வழவழன்னு படுத்துக் கிடக்கு. மினுமினுப்பு வேற. பெட்டி வச்ச நோட்டை சேர்த்து வைக்கிறவங்க தொடமாட்டாங்க."

"மடிப்பு இருந்துச்சு. அதனாலதான்..."

"மடிப்போட கொண்டாந்திருந்தா பாதி விலை தந்திருப்பேன்."

"பாதின்னா?"

சொன்னார். மாடியறை முன்பணம் அதில் அடங்கியிருக்கும், டிரைவர் பங்கு போனாலும் கொஞ்சம்தான் இடிக்கும், எங்காவது புரட்டியிருக்கலாம்.

"இப்ப?"

"நோட்டுல போட்டிருக்கிறத விட ரெண்டு டீக்காசு கூட. வேணும்னா குடுங்க, இல்லேன்னா பஸ்ஸுலயே விடுங்க."

நோட்டை விற்றுவிட்டுத் தெருவுக்கு வந்ததும் டிரைவர் ஆரம்பித்தான். "வசூல் நோட்டுக்கு இஸ்திரி போட்ட முதல் கண்டக்டர் நீதான்யா. பவுடர் போட்டியா? பொட்டு வச்சியா?"

"வாயை மூடு."

"ஒரு டீக்காசு என்னுது. எடு."

எடுத்துக் கொடுத்தான். டிரைவர் அதை எண்ணிப் பார்த்து வாங்கினான்.

வீட்டில் சாக்குகள் வாய் கட்டித் தயாராக இருந்தன. மனைவி அவன் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்தாள்.

"எல்லாம் உன்னாலதான். தேய்ச்சுக் கெடுத்துட்ட."

"நானா? பக்கத்துல நின்னு அழுத்து அழுத்துன்னது யாரு? மடிச்சது யாரு?"

"உன் கை பட்ட எதுதான் விளங்கியிருக்கு?"

"என் கை மேலயும் இந்தப் பெட்டியை வச்சிருங்களேன். அந்த ஆசையையும் ஏன் விடணும்?"

சுவருக்கு அப்பால் அண்ணி சிரித்தாள். அவன் ஒரு சாக்கை எட்டி உதைத்தான். உள்ளே ஏதோ உடைந்தது. அவள் அது என்னவென்று பார்க்கவில்லை. அவனும் பார்க்கவில்லை.

அடுத்த நாள் அவனுக்குக் காலை டூட்டி. டிரைவர் வேறு கண்டக்டர் கேட்டு எழுதிக் கொடுத்திருந்ததால் அவனை ஊருக்கு வெளியே போகும் தடத்தில் போட்டார்கள். கூட்டம் குறைவு. மதியம் மாடியறைக்காரருக்குப் போன் செய்தான். நேற்று இரவே ஒரு தையல்காரர் குடும்பம் வந்து பூட்டு மாட்டிவிட்டதாகச் சொன்னார். சாயங்காலம் டிப்போவில் வசூலைக் கட்டினான். பணம் சரியாக இருந்தது. வீட்டுக்குப் போனபோது மனைவி பாத்திரங்களை மறுபடி அலமாரியில் அடுக்கியிருந்தாள். குழாயில் தண்ணீர் வரவில்லை.