சூடத் தட்டை ஏரியில் எறிந்த ஆயுத பூஜை

இன்ஜின் மூடியைத் தூக்கினால் முதலில் வாடைதான் வரும். பெட்ரோல், பழைய ஆயில், ஏரிச் சேறு மூன்றும் சேர்ந்து மூக்கில் ஏறும்... இன்றைக்கும் பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்தினால் எனக்கு அந்த மோட்டார் போட்தான் ஞாபகம் வருகிறது. கூடவே கோபமும்.

திண்டிவனத்தில் ஐடிஐ முடித்ததும் எனக்குக் கிடைத்த முதல் வேலை அது. கிளியனூர்ப் பக்கம் ஏரியில் ஒருவர் போட் ஹவுஸ் நடத்தினார், அங்கே மெக்கானிக். பொம்பளைப் பிள்ளை மெக்கானிக்கா என்று பிரம்மதேசத்தில் எங்கள் தெருவே சிரித்தது. சிரித்துவிட்டுப் போங்கள் என்று தினமும் முதல் பஸ்ஸைப் பிடிப்பேன்.

போட்டில் இன்ஜினுக்கு அடியில் ஒரு பள்ளம் உண்டு. பில்ஜ் என்போம். கசிகிற தண்ணீர், ஆயில் எல்லாம் அங்கேதான் போய்ச் சேரும். தண்ணீரைக் கைப்பம்பு வைத்து டிரம்மில் இறைத்துவிடலாம். பெட்ரோல் ஆவி அப்படி இல்லை. காற்றைவிடக் கனம், மூடிக்கு அடியிலேயே படுத்துக் கிடக்கும். ஒரு பொறி பட்டால் போட்டும் இல்லை, போட்டில் இருப்பவர்களும் இல்லை. அதனால் காலையில் மூடியைத் திறந்து, வாடை போகும்வரை காற்றாட விட்டு, தண்ணீரை இறைத்து, அதற்கப்புறம்தான் சாவியைத் தொடுவோம்.

காற்றாடுகிற நேரத்தில் நானும் டிரைவர் சேகர் அண்ணனும் கரையில் உட்கார்ந்து மல்லாட்டை, அதாவது வேகவைத்த வேர்க்கடலை, தின்போம். பீடி பற்றவைக்க வேண்டுமென்றால் எழுந்து வேலியைத் தாண்டிப் போவார். "இதுங்கிட்ட வெளயாட்டு வெச்சிக்கக் கூடாதும்மா" என்பார். சொன்னவர் அவர்தான், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வருடம் ஆயுத பூஜைக்கு முதல் நாளே போட்டைக் கழுவி, டேங்க் நிறைய பெட்ரோல் ஊற்றி, தார்ப்பாய் போட்டு மூடியாகிவிட்டது. மறுநாள் காலையில் வழக்கம்போலப் போய் மூடியில் கை வைத்தேன். முதலாளி ஓடி வந்தார்.

"ஏய் செல்வி, இன்னா பண்ற? பூஜை முடியறதுக்குள்ள மிஷின தொடக்கூடாதுன்னு தெரியாது?"

"காத்தாட உடணுங்க. நேத்து மூடனது, வெயில்ல வேற நின்னுக்கினு இருக்குது..."

"ஒருநாள் எறைக்கலன்னா ஒண்ணும் முழுவிடாது. போ, போய் பொரி பாக்கெட் போடு."

போட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு பொரியும் கடலையும் அள்ளி அள்ளிப் போட்டேன்.

பூஜைக்கு முதலாளியின் மகள் தன் குழந்தையோடு வந்திருந்தாள். பட்டுப் பாவாடை கட்டிய குழந்தையை போட்டின் முன் சீட்டில் உட்கார வைத்து, மாலை போட்ட ஸ்டியரிங்கைப் பிடிக்கச் சொல்லி போட்டோ எடுத்தார்கள். தேங்காய் உடைத்ததும் சூடம் காட்டியதும் கரையில்தான். அப்பாடா என்று இருந்தது எனக்கு.

குழந்தை இன்னும் முன் சீட்டில்தான் இருந்தது. அப்போதுதான் முதலாளி எரிகிற சூடத் தட்டோடு போட்டுக்குள் காலை வைத்தார்.

"சேகரு, அந்த மூடியத் தூக்கு. இன்ஜினுக்கு ஒரு தபா காட்டிட்றேன்."

நான் சேகர் அண்ணனைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு, குனிந்து மூடியைப் பிடித்தார்.

நான் யோசிக்கவே இல்லை. போட்டுக்குள் குதித்து, தட்டைப் பிடுங்கி, ஏரியில் எறிந்தேன்.

முதலாளியின் மனைவி நெஞ்சில் அடித்துக்கொண்டார். "பூஜை சூடத்த அணைச்சிட்டாளே பாவி! குடும்பம் வெளங்குமா?"

நான் மூடியைத் தூக்கிக் காட்டினேன். வாடை குப்பென்று அடித்தது. "மோந்து பாருங்க! உள்ள பூரா ஆவி கட்டிக்கினு கீது. பத்தியிருந்தா கொழந்தையும் சேர்ந்து போயிருக்கும்ங்க!"

"பெட்ரோல் போட்ல பெட்ரோல் வாட வராம மல்லிப்பூ வாடையா வரும்?" என்றார் முதலாளி.

"சேகர்ணா, நீயாவது சொல்லுண்ணா!"

சேகர் அண்ணன் தரையைப் பார்த்தார். "தெர்லீங்க மொதலாளி... இத்தினி நாளா ஒண்ணும் ஆனதில்லீங்க."

ஒண்ணும் ஆனதில்லையாம்! ஏன் ஆகவில்லை? தினமும் விடிந்ததும் வந்து அந்த மூடியைத் திறந்து போட்டது யார்? ஊர்ப் பிசாசா?

எல்லார் முன்னாலும் அங்கேயே என்னை வேலையை விட்டு நிறுத்தினார்கள். பையை எடுத்துக்கொண்டு ரோட்டு மேட்டில் ஏறித் திரும்பிப் பார்த்தேன். குழந்தை கரையில் பொரி தின்றுகொண்டிருந்தது. சேகர் அண்ணன் மூடியை முழுசாகத் திறந்து போட்டுவிட்டு, நிதானமாகக் கைப்பம்பால் இறைத்துக்கொண்டிருந்தார்...

வேலை போனதற்கு நான் அழவில்லை. அதைப் பார்த்துதான் அழுதேன்.

இப்போது திண்டிவனத்தில் சொந்தமாக டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். ஆயுத பூஜைக்குச் சூடம் வாசலோடு சரி. "அக்கா சாமிய வெளியவே நிக்க வெச்சிட்சி" என்று பசங்க கிண்டல் செய்வார்கள். இந்தக் காலத்து போட்டில் ஆவியை வெளியே தள்ள ஃபேனே இருக்கிறது, சுவிட்ச் போட்டால் போதும். அன்றைக்கு எங்களிடம் இருந்தது ஒரு மூடியும் கொஞ்சம் பொறுமையும்தான்.

போன வாரம் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் சேகர் அண்ணனைப் பார்த்தேன். தலை முழுக்க நரைத்துவிட்டது. அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அன்னிக்கி நீ மட்டும் இல்லன்னா அவ்ளோதாம்மா. அந்தக் கொழந்த இப்ப காலேஜ் போவுது."

"இத மொதலாளிகிட்ட சொன்னியாண்ணா?"

"இன்னும் அவருகிட்டதாம்மா வேல செஞ்சிக்கினு கீறேன்... பஸ்ஸு வந்துட்சி, வர்ட்டா?"

தலையைக் குனிந்துகொண்டு ஏறிப் போய்விட்டார்.

அந்தப் பெண் காலேஜ் போகிறாள் என்பதில் எனக்கு நிஜமாகவே சந்தோஷம். ஆனால் அவள் வீட்டில் இன்றைக்கும் நான் சூடத்தை அணைத்த பாவிதான்.