பல்லுக்குப் போனோம், கையை அளந்தார்கள்

என் கையெழுத்து கோணல். ஐந்தாவதோடு நின்றவன், எழுத்துப்பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்கு வாய் நாறினால் எங்கே போவது என்று தெரியாதவர்களுக்காக எழுதுகிறேன்.

காலை 6.10. பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டியில் சிவாஜிநகர் பஸ் ஏறினோம். நான், மனைவி சரசு, மூன்று வயது மகள் செல்வி. இருபது கிலோமீட்டருக்கு மேல். எனக்கு டிக்கெட் முப்பது ரூபாய், பெண்களுக்கு இலவசம் என்பதால் சரசுவுக்கு இல்லை. செல்விக்கு ஈறு கறுத்து, வலது கன்னம் வீங்கியிருந்தது. நாற்றம் தாங்காமல் பக்கத்தில் இருந்தவர் எழுந்து போய்விட்டார்.

"மகுவிகெ ஏனாயித்து?" என்று கன்னடத்தில் கேட்டார் கண்டக்டர், பிள்ளைக்கு என்ன ஆச்சு என்று.

பல்வலி என்றேன். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

8.00. இறங்கி, பத்து நிமிட நடையில் அரசு ஆஸ்பத்திரி. பல் டாக்டரம்மா வாயைப் பார்த்தார். பிறகு செல்வியின் மேல்கையில் பச்சை, மஞ்சள், சிவப்பு போட்ட ஒரு அளவுப்பட்டையைச் சுற்றினார். அது சிவப்பில் நின்றது. எடையும் போட்டார். வேறு வரிசையில் நின்றுவிட்டோமோ என்று வெளியே போய்ப் பார்த்தேன். பல் படம் போட்ட பலகைதான்.

"போன மாசம் ஜுரம், நோவு ஏதாவது?"

"இல்லீங்க."

மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் அதையே சொன்னேன்.

பஞ்சு எடுத்து வந்த நர்ஸ் தமிழ்க்காரம்மா. "ஏண்ணா, புள்ளைக்கு அம்மை போட்டுச்சா?"

"ஆமாம்மா. மூணு வாரமாச்சு."

"அப்புறம் இல்லைன்னியே?"

"அதை நோவுன்னு சொல்லக்கூடாதும்மா."

"நல்லா இருக்கு போ. என்ன குடுத்தீங்க?"

உப்பில்லாத கஞ்சியும் இளநீரும் என்றாள் சரசு. தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை முட்டை, பருப்பு கிடையாது, பல்லும் விளக்கவில்லை. பிறகு வாய் புண்ணாகி, பிள்ளை எதையும் தின்னவில்லை.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "முன்னாடியே சத்து இல்லாத உடம்பு, அதான் பட்டை சிவப்புல நின்னுது. அம்மை இருந்த பலத்தையும் எடுத்துக்கிச்சு. நீங்க சாப்பாட்டைக் குறைச்சீங்க. வாயில எப்பவும் இருக்கிற கிருமிதான், இப்ப தடுக்க ஆளில்லாம சதையைத் தின்னுது. இன்னும் சில நாள் போயிருந்தா கன்னத்தில ஓட்டை விழுந்திருக்கும்."

அங்கேயே சேர்த்துக்கொண்டார்கள். ஊசி, வாய் கழுவல், பால், முட்டை. பன்னிரண்டாம் நாள் வீடு திரும்பினோம். இரண்டு பல் போயிற்று, கன்னம் தப்பியது.

பஸ்ஸில் சரசு கேட்டாள்: "பக்தியாத்தானே செஞ்சோம். நாமளே பட்டினி போட்டுட்டமா?"

நான் செல்வியை என் மடிக்கு மாற்றிக்கொண்டேன்.

வந்து பார்த்தால் பக்கத்து வீட்டு வாசலில் வேப்பிலை கட்டியிருந்தது. அந்த வீட்டுக்குள் போகக்கூடாது. எனக்கு வாய் கூசியது. வாசலில் நின்றபடியே, "கஞ்சியோட நிறுத்தாதீங்க, பருப்பு குடுங்க" என்றேன். அந்த அம்மா, சாமியைத் திட்டியவனைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நான் சொன்னது தப்போ என்று இரவெல்லாம் குழம்பினேன். காலையில் மறுபடியும் போய் நின்றேன்.

எழுதியது: மார்ச் 9, ஞாயிறு.