அல்மாரிக்குப் பின்னாலை ரெண்டு வால்

பூனைக் காப்பகத்திலை வேலை எண்டால் நாள் முழுக்கப் பூனையைப் பாத்துக்கொண்டு இருக்கலாம் எண்டு ஆசைப்பட்டு வந்தனான். உண்மையிலை பாக்கிறது அல்மாரிக்குப் பின்னாலை தெரியிற வாலைத்தான். இந்தக் குழுவிலை கூச்சப் பூனையளோடை மாரடிக்கிற உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கிண்ணம் கழுவுற இடைவெளியிலை போனிலை தட்டுறன், எழுத்துப் பிழையிருந்தால் பொறுங்கோ.

வால் தரிசனம்

இத்தாலியிலை, பலெர்மோ நகரத்திலை, சீசா எண்ட பகுதியிலை, ஒரு பழைய வீட்டின்ரை மேல்மாடிதான் எங்கடை காப்பகம். மற்றப் பூனையள் ஆக்களைக் கண்டால் காலைச் சுத்தும். மணியும் வல்லியும் மட்டும் படியிலை சப்பாத்துச் சத்தம் கேட்டாலே காணாமல் போயிடுங்கள். ரெண்டும் கூடப்பிறந்த வரிப்பூனையள். மத்தியானத்திலை யன்னல் பலகைக்குள்ளாலை வெயில் கோடு கோடா விழேக்கை எது வெயில், எது பூனை எண்டு எனக்கே பிடிபடாது.

போன மாசம் வீட்டுக்காரன் இந்த ரெண்டும் இருக்கிற அறையைத் திருப்பிக் கேட்டிட்டான். மாச முடிவுக்குள்ளை ஆரும் ரெண்டையும் சேத்துக் கொண்டுபோகாட்டில், ஒண்டு கத்தானியா ஊர்க் காப்பகத்துக்கு, மற்றது த்ராப்பனி ஊர்க் காப்பகத்துக்கு எண்டு பொறுப்பா இருக்கிற சிஞ்ஞோரா கார்மேலா, எங்கடை பேச்சிலை கார்மேலா அம்மா, சொல்லிப்போட்டா. இதுகளைப் பிரிக்கேலாது. முந்தி ஒருக்கா வல்லியை மருந்துக்குக் கொண்டுபோன ரெண்டு நாளும் மணி கிண்ணத்தைத் தொடவே இல்லை. அதாலை வந்த ஆக்களையெல்லாம் அல்மாரியடிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினன். ஒரு மனுசன் குனிஞ்சு பாத்திட்டு அமைதியாக் கேட்டார்: "தலை இருக்கிற பூனை ஒண்டும் இல்லையோ?"

கறுத்தப் பொட்டு

அம்மா வேலை செய்யிற லிபெர்த்தாத் தெருப் பெரிய வீட்டுச் சிஞ்ஞோராவுக்கு ஒரு கிழமையா இதுகளின்ரை வடிவைப் பற்றியே கதைச்சன். கடைசியிலை ரெண்டையும் எடுக்கிற எண்ணத்தோடை பாக்க வாறன் எண்டா. காலமை ரெண்டுக்கும் சீப்புப் போட்டன். அவ்வளவு வடிவு. பாக்கப் பாக்க எனக்கே பயம் வந்திட்டுது, நாவூறு பட்டிடும் எல்லே. கண்மையை எடுத்து ரெண்டின்ரையும் வெள்ளை நாடியிலை ஒவ்வொரு பொட்டு வைச்சன்.

ஓடிடக்கூடாது எண்டு துவாயிலை சுத்தி மடியிலை வைச்சிருந்தன். சிஞ்ஞோரா கிட்ட வந்து பாத்தா. பொட்டைக் கண்டிட்டு, தோல் வருத்தம் எண்டு கையை இழுத்தவ, நான் மையைத் துடைச்சுக் காட்ட முந்தியே படியிறங்கிட்டா. என்னோடை வேலை செய்யிற மன்னார் றெஜி அண்ணை கூட்டிக்கொண்டிருந்த தும்புத்தடியோடை நிண்டு எல்லாத்தையும் பாத்தவர். "தங்கச்சி, இனி நாவூறுக்குப் பயமில்லை. பாக்கிறதுக்கு ஆள் வந்தால்தானே படும்."

கதிரையிலை ஒருத்தர்

மாசம் முடிய ரெண்டு நாள். பஸ் ஓட்டிற ஒருத்தர் மத்தியான இடைவேளையிலை வந்தார். தனிய இருக்கிறவராம், அமைதியான பூனை ஒண்டு போதுமாம். நான் மூச்சு விடாமல் ரெண்டையும் பற்றிக் கதைச்சன். இடையிலை டெலிபோன் அடிச்சுது, ஓடினன்.

திரும்பி வரேக்கை மனுசன் கதிரையிலை நல்ல நித்திரை, விடிய முந்தி எழும்பின களை. தெருவிலை மீன்காரன்ரை குரலும் அடங்கின நேரம். அறை முழுக்கத் தேன் மாதிரி வெயில். அதுக்குள்ளையிருந்து மணி வந்தான், பின்னாலை வல்லி. சப்பாத்தை மணந்து பாத்துதுகள். பிறகு ஆளுக்கொரு சப்பாத்திலை தலையை வைச்சுப் படுத்திட்டுதுகள். மெல்லிசாக் குறட்டை, அதுக்குள்ளை ரெண்டு பூனையின்ரை குறுகுறுப்பு. நான் தண்ணிக்கடியிலை நிக்கிற மாதிரிக் கதவடியிலை நிண்டன். என்ரை வாழ்க்கையிலை அவ்வளவு நேரம் நான் கதைக்காமல் இருந்ததில்லை.

அரை மணித்தியாலத்தாலை கண் முழிச்சவர், கீழை பாத்தார். காலை அசைக்கேல்லை. பஸ்ஸுக்கு நேரமாகுது எண்டு மெல்லமாச் சொன்னன். அவர் அதைவிட மெல்லமாச் சொன்னார்: "நான் ஒண்டுதான் கேட்டு வந்தனான். இப்ப எந்தக் காலை இஞ்சை விட்டிட்டுப் போறது?"

ஒரு மாசமா நான் வாயாலை செய்யேலாததை ஒருத்தர் அரை மணித்தியாலக் குறட்டையாலை செய்து முடிச்சிட்டார், ஆனால் சம்பளம் எண்டால் எனக்குத்தான் தருகினம்.